இங்க்ஜெட் ஒளிப்பட அச்சு: தரக் குறைபாடுகளும் தீர்வுகளும்

இங்க்ஜெட் ஒளிப்பட அச்சு என்பது கணினியில் உள்ள ஒளிப்படத்தை, மிக நுண்ணிய மைத்துளிகளைத் தாளின்மீது பீச்சி உருவாக்கும் முறையாகும். தமிழில் இதனை மைத்தாரை அச்சு என்றும் கூறுவர். இருட்டறையும் வேதிக் கரைசல்களும் இல்லாமல் வீட்டு மேசையிலேயே வண்ணப்படம் அச்சிட இம்முறை வழி செய்தது. எனினும் படத்தின் குறுக்கே கோடு விழுதல், மை கசிதல், புள்ளிகள் தெரிதல், நிறம் பிறழ்தல், நாளடைவில் வெளிறுதல் ஆகிய குறைகள் தொடக்கம் முதலே இதனுடன் இருந்து வந்துள்ளன. ஒரு குறையைத் தீர்க்கச் செய்த மாற்றமே அடுத்த குறைக்கு வாயிலாக அமைந்ததை இதன் வரலாற்றில் பலமுறை காணலாம். 2000ஆம் ஆண்டில் குடும்பப் படங்கள் சில வாரங்களுக்குள்ளேயே செம்மஞ்சளாக மாறிய நிகழ்வு அவற்றுள் முக்கியமானது.

துளியின் அறிவியல்

மெல்லிய நீர்த்தாரை தானாகவே துளிகளாக உடையும் இயல்பை 1833இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபெலிக்ஸ் சவார் ஆராய்ந்தார். அதன் கணித விளக்கத்தை 1870களின் இறுதியில் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு அளித்தார். இந்த அறிவை முதலில் பயன்படுத்திக்கொண்டது ஒளிப்படத் துறை அன்று, மருத்துவத் துறையே. இதயத் துடிப்பு போன்ற வேகமான அளவுகளைத் தாளில் வரையும் மைத்தாரைக் கருவிக்கு, சுவீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட் 1951இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உடலுக்குள் பொருத்தும் முதல் இதய முடுக்கியை வடிவமைத்தவரும் இவரே.

1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் என்பவர், துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து அவை விழும் இடத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். இதில் மை இடைவிடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். தேவையற்ற துளிகள் திருப்பிவிடப்படும். இது தொடர்தாரை முறை எனப்படும். தேவைப்படும்போது மட்டும் துளியை வெளியேற்றும் முறை 1970களில் வளர்ந்தது. வீட்டு அச்சுப்பொறிகள் யாவும் இந்த இரண்டாம் முறையைச் சேர்ந்தவை.

அடைப்பும் இரண்டு தீர்வுகளும்

தேவைப்படும்போது மட்டும் துளி வெளிவரும் பொறியில், மற்ற நேரங்களில் மை அசையாமல் நிற்கிறது. நாசில் எனப்படும் மைத்துளை தலைமயிரைவிடக் குறுகலானது. அதன் வாயில் நிற்கும் மையிலிருந்து நீர் ஆவியானால் மை தடித்து அடைத்துக்கொள்கிறது. ஒரு துளை அடைத்தாலும் அச்சுத்தலை செல்லும் வழியெல்லாம் ஒரு வெள்ளைக் கோடு விழும். எழுத்தை அச்சிடும்போது இது கண்ணுக்குத் தப்பிவிடலாம். வானத்தையோ ஒருவரின் முகத்தையோ அச்சிடும்போது தப்பாது.

துளியை வெளியேற்றும் வழிகளும் இரண்டு. 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வகத்தில், சூடான பற்றவைப்புக் கோல் மை நிரம்பிய ஊசியின்மீது தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து மை தெறித்தது என்று அந்நிறுவனம் கூறுகிறது. இதிலிருந்து, வெப்பத்தால் ஒரு குமிழியை உண்டாக்கி அதன் விசையால் மையைத் தள்ளும் முறை பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் தனியாக இம்முறையைக் கண்டறிந்தது. மற்றொரு வழி, மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பீசோ படிகத்தைக் கொண்டு மையை அழுத்தித் தள்ளுவது. இவ்வழியை எப்சன் நிறுவனம் வளர்த்தது.

அடைப்புக்கு இவ்விரு வழியினரும் கண்ட தீர்வுகள் வேறுபட்டன. 1984இல் 495 டாலர் விலையில் வந்த ஹியூலெட் பேக்கார்டின் திங்க்ஜெட் அச்சுப்பொறியில் 12 நாசில்கள் இருந்தன. அவை மைக்குப்பியின் ஒரு பகுதியாகவே அமைந்திருந்தன. மை தீர்ந்ததும் குப்பியைத் தூக்கியெறிந்தால் பழைய நாசில்களும் உடன் போய்விடும். பீசோ அச்சுத்தலையோ விலை உயர்ந்தது. பொறியின் ஆயுள் முழுவதும் அதிலேயே இருப்பது. ஆகவே அச்சிடாத நேரத்தில் தலையை மூடிவைக்கும் ரப்பர் மூடி, துடைப்பான், மையை உறிஞ்சி எடுத்து அடைப்பை நீக்கும் சுத்திகரிப்புச் சுற்று ஆகியவை சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு சுத்திகரிப்பும் நல்ல மையைக் கழிவுப் பஞ்சில் கொட்டியது. அடைப்பு நீங்கியதற்கு மைச் செலவு விலையானது.

தாளில் கசிந்த மை

எழுதும் தாள் நார்களால் ஆனது. நீர் கலந்த மை அந்நார்களின் வழியே ஊர்ந்து பரவுவதால் ஓரங்கள் மங்கும். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்கும். திங்க்ஜெட்டுக்கே சிறந்த பலன் கிடைக்கத் தனித் தாள் தேவைப்பட்டது. 1988இல் வந்த டெஸ்க்ஜெட் சாதாரணத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் அச்சிட்டது. கடிதங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு சிறு இடத்தில் பல நிறத் துளிகள் குவியும் ஒளிப்படத்துக்கு அது போதவில்லை.

எனவே தாளின்மேல் மையைப் பிடித்துவைக்கும் பூச்சு தேவையாயிற்று. அதில் இரு வகைகள் உருவாயின. முதல் வகையில் ஜெலட்டின் போன்ற பொருள் மையை உறிஞ்சி வீங்கி, பின் உலர்ந்து மூடிக்கொள்ளும். படம் காய நேரமாகும். ஈரக் கை பட்டால் கறை படியும். இரண்டாம் வகையில் சிலிக்கா அல்லது அலுமினாவின் நுண்துகள்கள் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கும். மை உடனே உள்ளே இறங்கிவிடுவதால், படம் பொறியிலிருந்து வெளிவரும்போதே தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும். வாங்குவோர் இரண்டாவதையே விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் முதல் வகையில் சாயம் மூடிய பூச்சுக்குள் இருந்தது. இரண்டாம் வகையிலோ காற்றுக்குத் திறந்த துளைகளுக்குள் இருந்தது. இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர்தான் தெரிந்தது.

ஐரிஸ் அச்சுகளின் வெளிறல்

இங்க்ஜெட் முறையை ஒளிப்படக் கலைக்குக் கொண்டுவந்தது வீட்டு அச்சுப்பொறி அன்று. அச்சகங்களில் இறுதி அச்சுக்குமுன் நிறங்களைச் சரிபார்க்கப் பயன்பட்ட ஐரிஸ் 3047 என்னும் பெரிய தொடர்தாரைப் பொறியே அது. இசைக்கலைஞரும் ஒளிப்படக் கலைஞருமான கிரகாம் நாஷ், தம் நண்பர் மேக் ஹோல்பர்ட்டுடன் சேர்ந்து 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்னும் அச்சகத்தைத் தொடங்கினார். நீர்வண்ண ஓவியத்துக்குரிய தடித்த தாளிலும் அச்சிடும் வகையில் அப்பொறியை மாற்றியமைத்தனர். அங்குப் பணியாற்றிய ஜாக் டுகான் இவ்வகைக் கலை அச்சுக்கு ‘ஜிக்லே’ என்று பெயரிட்டார். பீச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

அச்சுகள் அழகாக இருந்தன, நிலைக்கவில்லை. சரிபார்த்ததும் தூக்கியெறியும் தாள்களுக்கென்றே செய்யப்பட்ட மை அது. நீண்டகாலம் நிலைப்பது அதன் வடிவமைப்பின் நோக்கமாக இருந்ததில்லை. வெளிச்சத்தில் மாட்டிய படங்களின் சில நிறங்கள் சில ஆண்டுகளிலேயே வெளிறத் தொடங்கின. நீர் பட்டால் மை கரைந்தது. பொறியில் பழுதில்லை, ஒரு வேலைக்குச் செய்த மை வேறொரு வேலைக்குப் பயன்பட்டதே குறையாயிற்று. வண்ணப்படங்களின் நிலைப்புத்தன்மையை ஆராய்ந்து 1993இல் பெரிய நூலொன்றை வெளியிட்ட ஹென்றி வில்ஹெல்மின் சோதனைகளைக் கலைஞர்களும் அருங்காட்சியகங்களும் இதன்பின் கவனிக்கலாயினர். நாஷ் எடிஷன்ஸ் பயன்படுத்திய ஐரிஸ் பொறி 2005இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது.

புள்ளி மறைந்த காலம்

1994இல் எப்சனின் ஸ்டைலஸ் கலர், அங்குலத்துக்கு 720 புள்ளி அச்சிடும் மேசை அச்சுப்பொறியாக வந்தது. ஆயினும் முகத்தின் வெளிச்சப் பகுதியிலும் வெளிர்நீல வானத்திலும் புள்ளிகள் தூவியதுபோல் தெரிந்தன. காரணம் எளிது. வெளிர்நிறத்தைக் காட்ட அடர்ந்த மைத்துளிகளை இடைவெளி விட்டு வைக்கவேண்டியிருந்தது. அத்துளிகள் தனித்தனியே கண்ணில் பட்டன.

1996இல் வந்த ஸ்டைலஸ் ஃபோட்டோ இதற்குப் புதிய வழி கண்டது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்குடன் வெளிர்சியான், வெளிர்மெஜந்தா ஆகிய இரு மைகளும் சேர்க்கப்பட்டன. பின்னர் துளிகளும் சிறுத்தன. 2000ஆம் ஆண்டளவில் ஒரு துளி 4 பிகோலிட்டர் அளவுக்கு வந்தது. ஒரு பிகோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வெறுங்கண்ணால் பார்ப்பவர் இதனைக் கடையில் கழுவி வாங்கிய படத்திலிருந்து வேறுபடுத்துவது கடினம். குறைகள் தீர்ந்துவிட்டன என்றே பலரும் எண்ணினர்.

2000: செம்மஞ்சளான படங்கள்

2000ஆம் ஆண்டில் எப்சனின் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 ஆகியவை விற்பனைக்கு வந்தன. ஆறு சாய மைகளும் நுண்துளைப் பூச்சுடைய புதிய பளபளப்புத் தாளும் இவற்றின் சிறப்பு. அத்தாளில் படம் சுமார் 10 ஆண்டுகள் வெளிறாமல் இருக்கும் என்ற மதிப்பீட்டை நம்பிப் பலர் திருமணப் படங்களையும் குழந்தைகளின் படங்களையும் அச்சிட்டனர். சிலர் அச்சிட்டு விற்கவும் செய்தனர். சில மாதங்களுக்குள் புகார்கள் எழுந்தன. படங்கள் செம்மஞ்சளாக மாறின. சில இடங்களில் இது நடக்கச் சில நாள்களே போதுமானதாக இருந்தது. வேறு சிலருக்கோ எந்த மாற்றமும் தெரியவில்லை.

இந்த முரண்பாடே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. அச்சுப்பொறியின் பழுது என்றால் படம் வெளிவரும்போதே நிறம் பிறழ்ந்திருக்க வேண்டும். இவையோ முதல் நாளில் குறையின்றி இருந்தன. வெளிச்சமே காரணம் என்றால் ஒளி படாத இடத்தில் வைத்த படம் தப்பியிருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்திலும் நிறம் மாறியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவை தப்பின. காற்று படும்படி திறந்து வைத்தவை கெட்டன. காற்றோட்டம் மிகுந்த இடத்தில் மாற்றம் விரைந்தது. எனவே குற்றவாளி காற்றில்தான் இருந்தது. அது ஓசோன்.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. வாகனப் புகையின்மீது வெயில் படும்போது அது நிலமட்டத்தில் உண்டாகிறது. நகல் எடுக்கும் பொறிகளும் சில வகைக் காற்றுச் சுத்திகரிப்பான்களும்கூட அதனை வெளியிடுகின்றன. இங்க்ஜெட் சாய மைகளில் சியானுக்குப் பொதுவாகப் பயன்பட்ட தாமிர தாலோசயனின் வகைச் சாயம் ஒளியை நன்றாகத் தாங்கும், ஓசோனைத் தாங்காது. நுண்துளைத் தாள் அச்சாயத்தைக் காற்றுக்குத் திறந்து காட்டியது. நீலப்பச்சையான சியான் அழிந்ததும் மெஜந்தாவும் மஞ்சளும் எஞ்சின. அவை இரண்டும் சேர்ந்தால் வருவதே செம்மஞ்சள்.

இந்நிகழ்வில் சோதனை முறையின் எல்லையும் வெளிப்பட்டது. வெளிறல் சோதனையில் படத்தின்மீது கடும் ஒளியைக் குறுகிய காலம் செலுத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் விழும் அறையில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டனர். அக்கணக்கு ஒளியைப் பற்றியது மட்டுமே. 10 ஆண்டு என்ற எண்ணில் காற்றுக்கு இடமே இல்லை. வாங்கியவரோ அந்த எண்ணைத் தம் வீட்டுச் சுவரின் ஆயுளாக எடுத்துக்கொண்டார். அதிருப்தியுற்ற வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர எப்சன் முன்வந்தது. படக்கோப்பைப் பாதுகாத்து வைத்தவர் மீண்டும் அச்சிட்டுக்கொள்ள முடிந்தது. அச்சு மட்டுமே கையில் இருந்தவருக்கு அந்த வழியும் இல்லை. ஓசோனால் படம் வெளிறுவதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 18941 என்ற தனிப் பன்னாட்டுத் தரநிலை 2011இல் வெளிவந்தது.

நிறமி மையும் அதன் குறைகளும்

சாயம் நீரில் கரைவது; அதன் மூலக்கூறுகள் தனித்தனியே நிற்கும். நிறமி கரையாத துகள். அதன் வெளிப்பரப்பு தாக்கப்பட்டாலும் உட்பகுதி நிறத்தைக் காக்கும். 2000இலேயே எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி என்ற நிறமி மைப் பொறியை வெளியிட்டது. அதன் படங்கள் சாய மைப் படங்களைவிடப் பன்மடங்கு நிலைத்தன.

ஆனால் புதிய குறை ஒன்று வந்தது. இரவில் மஞ்சள் குண்டுவிளக்கில் சரியாகத் தோன்றிய படம், பகலில் சன்னல் ஒளியில் பச்சை படிந்து தோன்றியது. கறுப்பு வெள்ளைப் படங்களில் இது மிகுதியாக உறுத்தியது. பல வண்ண மைகளைக் கலந்தே சாம்பல் நிறத்தை உண்டாக்கியதால், ஒளி மாறும்போது அக்கலவையின் சமநிலையும் மாறியது. 2002இல் வந்த 2200 பொறியில் வெளிர்கறுப்பு மை சேர்ந்தது. 2005இல் ஆர்2400 பொறியில் மூன்று அடர்வுகளில் கறுப்பு மைகள் இடம்பெற்றன. சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் இவையே தாங்கியதால் வண்ண மைகளின் தேவை குறைந்து, நிறமாற்றமும் பெரிதும் குறைந்தது.

நிறமி தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால், சாய்த்துப் பார்த்தால் மை உள்ள இடமும் இல்லாத இடமும் வெவ்வேறாகப் பளபளத்தன. அடர்ந்த பகுதிகளில் வெண்கலம் போன்ற மினுக்கமும் தெரிந்தது. 2004இல் வந்த ஆர்800, நிறமற்ற மினுக்குப் பூச்சு ஒன்றையும் பீச்சி இதனைச் சரிசெய்தது. பளபளப்புத் தாளுக்கும் மங்கல் தாளுக்கும் வெவ்வேறு கறுப்பு மைகள் தேவைப்பட்டது மற்றொரு சிக்கல். ஆர்2400இல் தாள் மாறும்போது குப்பியையும் மாற்றவேண்டும்; மாற்றும்போதெல்லாம் மை வீணாகும். 2020இல் வந்த பி700, பி900 பொறிகளில் இரு கறுப்புகளுக்கும் தனித்தனி நாசில் வரிசைகள் அமைக்கப்பட்டன.

கோப்பில் பிறக்கும் குறை

எல்லாக் குறைகளும் மையிலோ தாளிலோ தோன்றுபவை அல்ல. திரை ஒளியை உமிழ்கிறது. தாள் பிறர் தரும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மிகப் பிரகாசமாக வைத்த திரையில் படத்தைச் சரிசெய்பவர், படம் இருண்டு அச்சாவதைக் கண்டு அச்சுப்பொறியைக் குறைகூறுவார். கருவிகளுக்கிடையே நிறத்தை ஒத்திசைக்க 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்னும் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை நிறுவின. ஒவ்வொரு மைக்கும் தாளுக்கும் உரிய நிறவிவரக் கோப்பு இதனால் வழக்கத்துக்கு வந்தது.

இத்தீர்வும் தனக்கென ஒரு குறையைக் கொணர்ந்தது. படத்தொகுப்பு மென்பொருள் ஒருமுறையும், அச்சுப்பொறியின் மென்பொருள் மறுமுறையும் நிறத்தைத் திருத்தினால், இருமுறை திருத்தப்பட்ட படம் இளஞ்சிவப்பாகவோ இருண்டோ வெளிவரும். இரண்டில் ஒன்றை நிறுத்திவைப்பதே இதற்கு மருந்து. தாளின் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும், தாள் ஏற்கும் அளவுக்கு மேல் மை பாய்ந்து திட்டுத்திட்டாகத் தேங்கும்.

குறையின் இடத்தைக் கண்டறிதல்

இவ்வரலாறு தரும் பாடம், குறை எப்போது, எவ்வடிவில் தோன்றுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதாகும். அதன்படி குறைகளைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

படத்தின் குறுக்கே ஒரே சீரான வெள்ளைக் கோடுகள் விழுந்தால் நாசில் சோதனைப் பக்கத்தை அச்சிட்டுப் பார்க்கவேண்டும். அதில் கோடுகள் விடுபட்டிருந்தால் அடைப்பு உள்ளது. சுத்திகரிப்புச் சுற்று தேவை. அடுத்தடுத்துப் பலமுறை சுத்திகரிப்பது மையை வீணாக்கும். ஒருமுறை செய்து, மீண்டும் சோதித்து, பலனில்லையெனில் சில மணி நேரம் விட்டுத் தொடர்வது நல்லது.

சோதனைப் பக்கம் முழுமையாக இருந்தும் படத்தில் பட்டைகள் தெரிந்தால், அச்சுத்தலையின் சீரமைவையோ தாள் நகரும் அளவையோ சரிசெய்யவேண்டும்.

கோடுகள் இல்லை, ஆனால் படம் முழுவதும் ஒரே வகையில் நிறம் பிறழ்ந்திருக்கிறது என்றால், தாளின் வகையையும் நிறவிவரக் கோப்பையும் பார்க்கவேண்டும்.

பகலில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் தோன்றினால் காரணம் ஒளி. படம் எந்த வெளிச்சத்தில் மாட்டப்படுமோ அதே வெளிச்சத்தில் அதனை மதிப்பிடவேண்டும்.

முதல் நாள் நன்றாக இருந்து பின்னர் மாறினால் அச்சுப்பொறியில் தேடிப் பயனில்லை. மை, தாள், காற்று, ஈரம், வெளிச்சம் ஆகியவற்றில்தான் காரணம் இருக்கும்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மையையும் தாளையும் ஒருசேர மாற்றினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது.

இன்றைய நிலை

தற்போதைய சாய மைகள் 2000ஆம் ஆண்டின் மைகளைவிட ஓசோனை நன்கு தாங்குகின்றன. நிறமி மைப் படங்களை அருங்காட்சியகங்கள் சேகரிப்பில் ஏற்கின்றன. எனினும் தொடக்ககால அடைப்பு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை; பல வாரங்கள் பயன்படுத்தாத பொறியில் அது மீண்டும் தோன்றும். வாரம் ஒருமுறையாவது எல்லா நிறங்களும் உள்ள ஒரு சிறு படத்தை அச்சிடுவது பெரும்பாலும் இதனைத் தடுக்கும்.

அச்சிட்ட படத்தை உடனே கண்ணாடிக்குள் அடைப்பதும் கூடாது. தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் மையிலுள்ள கிளைக்கால் போன்ற பொருள்கள் மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். அவை கண்ணாடியின் உட்புறத்தில் மூட்டமாகப் படியும். ஒரு நாளாவது காயவிட்டு, பின்னர் கண்ணாடிச் சட்டத்திலோ காற்றுப் புகாத உறையுள்ள படத்தொகுப்பிலோ வைத்தால் ஓசோனிலிருந்தும் தப்பும். படத்தின் மூலக்கோப்பைத் தனியே இரண்டு இடங்களில் சேமித்து வைப்பதும் அச்சுப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.